உறுமாத பெட்டி

அந்தப் பெண் கடைக்குள் வந்தபோது மூட்டைக்காரர் முதுகுக்கு ஒரு பலகையை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த துணிப்பையில் கனமாக எதுவும் இல்லை என்பது பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. பாரம் சுமக்கிறவர்கள் ஒரு பக்கம் சாய்வார்கள். இவள் நேராகத்தான் நின்றாள். ஆனாலும் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வாலிபத்திலிருந்து கிடங்கில் மூட்டை தூக்கியவர் அவர். இடுப்பு ஒருநாள் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு தங்கை புருஷன் நடத்தும் ஹார்ட் டிஸ்க் பழுதுபார்க்கும் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்கார்ந்தால் அவருக்கு உடம்பு கொள்ளாது. வருகிற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பின்னால் ஒரு திருடனைக் கண்டுபிடிப்பார். பாதிக்கு மேல் டீ கொட்டிய கதையாகத்தான் முடியும். தங்கை புருஷனை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்வாள்.

நிதானம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் ஓர் இடத்தில் அவளுக்கு வேலை. பதிவு செய்வதும், செய்ததைச் சுத்தம் செய்வதும் அவள் பொறுப்பு. ஆறு பாகம் கொண்ட ஒரு பெரிய நாவலைப் போன வருடம் முழுக்க ஒரு பெரியவர் வாசித்தார். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். கடைசிப் பாகம் முடிந்ததும் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. அந்த வாசிப்பு மொத்தமும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. நகல் எடுக்க இன்னொன்று கேட்டிருந்தாள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், டிஸ்க்கில் இருப்பது என்னவென்றே தெரியவில்லை என்று சொல்கிறது. மேலாளர் அவள்தான் தவறுதலாக அழித்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை கடைசியாக அதில் வேலை செய்தவள் அவள்.

"இன்னைக்கு சாயங்காலம் கமிட்டி கூடுது அண்ணா. என்னை நிறுத்திடுவாங்க. நாளையிலேர்ந்து வேற ஒரு அம்மா வாசிக்க வர்றாங்க, அவங்களுக்காக அந்த டிஸ்க்கையும் துடைச்சிடுவாங்க. வேலை போனா போகட்டும். ஐயா குரலை அழிச்சவங்கிற பேரோட நான் எங்க போய் நிக்கிறது?"

பையில் இருந்தது அவளுடைய சொந்த ஹெட்போன். வேலை போனால் பிறகு எடுக்க விடமாட்டார்களோ என்று முன்கூட்டியே எடுத்து வந்திருந்தாள்.

நிதானம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த டிஸ்க்கில் யாராவது எதையாவது எழுதினார்களா? அவள் இல்லையென்றாள். மேலாளர் தன் சொந்த மடிக்கணினியில் செருகிப் பார்த்தாராம். அது, இதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டதாம். அவர் ஆமாம் என்று அழுத்தப் போனபோது அவள் குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"அந்தக் கைக்கு ஒரு கும்பிடு" என்றார் நிதானம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

பதிவு நிலையம் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. மூட்டைக்காரர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். முன் அறையில் மேலாளர், உள்ளே பதிவு அறை. அதன் சுவர்களில் தடித்த மெத்தைத் துணி தைத்து ஒட்டியிருந்தார்கள். கதவு சாத்தும்போது கொஞ்சமும் முனகவில்லை. மூட்டைக்காரர் பொத்தென்று உட்கார்ந்த பழைய மர நாற்காலியும் முனகவில்லை. குனிந்து பார்த்தார். நாலு கால்களுக்கும் பச்சைக் கம்பளித் துணியில் காலுறை மாதிரி வெட்டி ஒட்டியிருந்தது. தன் இடுப்புக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

மூலையில் ஐயா உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, மடியில் ஒரு சிலேட்டு, பக்கத்தில் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பிளவு போட்ட கறுப்புப் பெட்டியில் சாக்குக்கட்டிகள். வந்தவர்களுக்கு வணக்கம் என்று எழுதிக் காட்டினார். மூட்டைக்காரரைப் பார்த்து, படி செங்குத்து, மன்னிக்கணும் என்றும் எழுதினார். நல்ல எழுத்து. குரல் போன பிறகும் அவர் தினமும் வருகிறார், விடுமுறை நாளிலும் தன் சாவியால் திறந்துகொண்டு உட்காருகிறார் என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள். வீட்டில் பேச ஆள் இல்லை, இங்கே பேசத் தேவை இல்லை. சாவி மொத்தம் மூன்று பேரிடம். அவள், மேலாளர், ஐயா.

மூட்டைக்காரரின் கண் சுவர்க் கடிகாரத்தில் நின்றது. அதுவும் நின்றிருந்தது. நாலேகால்.

"மாப்ளே, கடிகாரம்" என்று நிதானத்தின் காதில் கிசுகிசுத்தார். "நாலேகாலுக்கு என்னமோ நடந்திருக்கு."

நிதானம் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே பேட்டரியே இல்லை. திருப்பி மாட்டிவிட்டு இறங்கினார்.

மேலாளர் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். அவர் கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவருக்கு இருக்கும் அவசரம் மட்டும் அவரிடம் இருந்தது. "இது லினக்ஸ் கம்ப்யூட்டர். ஓசியில கிடைச்சதுன்னு போட்டது. இதுல டிரைவர் சரியா இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

லாரிகளோடு காலம் கழித்த மூட்டைக்காரருக்கு இது நியாயமாகவே பட்டது. எது உடைந்தாலும் முதலில் டிரைவரைத்தான் திட்டுவது வழக்கம். இந்த டிரைவர், கம்ப்யூட்டருக்கும் வெளியே செருகும் சாமானுக்கும் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்க்கும் ஒரு புரோகிராம் என்பது கடைக்கு வந்த புதிதில் நிதானம் சொல்லித் தெரியும்.

இவர்களிடம் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒரே நாளில் வாங்கிய ஜோடி என்றாள் அந்தப் பெண். முடித்த புத்தகங்கள் ஒன்றில், அது மேஜை மேல் இருக்கும். சுத்தம் செய்யாத பதிவுகள் மற்றொன்றில், ஐயாவின் நாவலும் அதில்தான், அது மேஜைக்கு அடியில் பஞ்சு வைத்த மரப்பெட்டிக்குள் இருக்கும். வயர் மட்டும்தான் வெளியே. அவள் வயரைச் செருகுவாள், பிடுங்குவாள், டிஸ்க்கைக் கையால் தொட்டு மாதக்கணக்காகிறது.

"பஞ்சுப்பெட்டி எதுக்கும்மா?" என்று கேட்டார் நிதானம்.

"ஐயாவுக்காக. வாசிக்கிறப்ப அது உறுமுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். எங்க காதுக்கு ஒண்ணும் கேக்கல. அவர் மனசு கோணக்கூடாதுன்னு செஞ்சு வச்சோம்."

மூட்டைக்காரருக்குக் கை ஊறியது. இரண்டு டிஸ்க்கையும் வாங்கிக் கைக்கு ஒன்றாக வைத்துத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ளே, அழிச்சது அழிச்சதுதான். இந்தக் காலி டிஸ்க் லேசா இருக்கு பாரு. உள்ள இருந்த சரக்கு போயிடுச்சு."

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்கூடத் தன் கவலையை மறந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிதானம் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு பாகம் கதை என்ன எடை மச்சான் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்ப்பது போல.

பிறகு வேலையில் இறங்கினார். மரப்பெட்டியிலிருந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் செருகி, ஓடவிட்டு, அதன் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். திரையில் ஏதோ தட்டினார். வந்த வரிகளில் ஓர் இடத்தில் 512 என்று இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு மேஜை டிஸ்க்கைச் செருகி அதையே தட்டினார். அதே இடத்தில் 4096 என்று வந்தது. இரண்டு எண்ணையும் மூட்டைக்காரருக்கு விரலால் காட்டினார். மூட்டைக்காரர் எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டி வைத்தார்.

நிதானம் ஐயா பக்கம் திரும்பினார். "முன்ன இது உறுமுமாமே ஐயா?"

ஐயா சட்டென்று எழுதினார். ஆமாம், வண்டு மாதிரி.

"இப்ப?"

ஐயா ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். திரும்ப வைத்தார். முதலில் எழுதியதைத் துடைத்தார். துடைத்து முடிந்து ஒன்றுமே இல்லாத சிலேட்டை மறுபடியும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியிலேயே மூட்டைக்காரர் வழக்கை முடித்துவிட்டார். மேலாளர்தான். தனக்கு வேண்டிய ஆளை அந்த வேலையில் வைக்க இந்தப் பெண்ணைக் கிளப்பப் பார்க்கிறார். சாவி அவரிடம் இருக்கிறது, ஃபார்மேட் பொத்தானை அமுக்கக் கை பரபரத்ததும் அவருக்குத்தான்.

நிதானம் டீயை ஊதிக் குடித்தார். "அழிக்க நினைச்ச ஆள் திங்கக்கிழமைக்கு முன்னாடியே அழிச்சிருப்பான் மச்சான். அவர் அழுத்தப் போனது எல்லார் கண்ணு முன்னாடி. அது அவசரம், திருட்டு இல்ல. நீங்க அந்த அறையில எதைக் கவனிச்சீங்க? கடிகாரத்தைத் தவிர."

மூட்டைக்காரர் யோசித்தார். கதவு முனகவில்லை, நாற்காலி முனகவில்லை என்றார். நிதானம் தலையாட்டினார். "அது போதும். வாங்க, மேல போவோம். ஐயாவை எப்படி நோகாம கேக்கிறதுன்னுதான் இவ்வளவு நேரம் டீ குடிச்சேன்."

மேலே போனதும் நால்வரையும் பதிவு அறையிலேயே உட்காரச் சொன்னார். மேலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"முதல்ல ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார் நிதானம். "எதுவும் அழியல."

அந்தப் பெண் கையிலிருந்த ஹெட்போனை மடியில் வைத்தாள். 

"டிரைவர் மேலயும் தப்பில்ல. அது கேட்டதைச் சொல்லுது, புரியலன்னா புரியலன்னு சொல்லிட்டு ஒதுங்கி நிக்குது. நல்ல ஆள். தகராறு வேற இடத்துல. டிஸ்க்குன்னு நாம சொல்றது ரெண்டு சாமான். உள்ள தட்டு சுத்துற மூடின டப்பா ஒண்ணு, அதைத் தட்டுன்னே வச்சுக்குவோம், அதைப் போர்த்தியிருக்கிற கூடு ஒண்ணு. அந்தக் கூட்டுல ஒரு சின்னப் பலகை இருக்கு. தட்டுல இருக்கிற இடத்தையெல்லாம் எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதோட வேலை. எல்லாக் கூடும் ஒரே மாதிரி எண்ணாது. மச்சான், உங்க கிடங்குல மூட்டையை எப்படி எண்ணுவீங்க?"

தன்னைக் கேட்பார் என்று மூட்டைக்காரர் எதிர்பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுக்கு அடுக்காத்தான். எட்டு மூட்டை ஒரு அடுக்கு."

"பத்தாவது அடுக்குல மிளகாய் இருக்குன்னு நீங்க சொல்லிட்டுப் போறீங்க. மறுநாள் வந்த புது ஆளுக்கு அடுக்குக் கணக்கு தெரியாது. மூட்டை மூட்டையா எண்ணிப் பத்தாவது மூட்டையைப் பிரிக்கிறான்."

"ரெண்டாவது அடுக்குலயே நின்னுடுவான். மிளகாயே இல்லம்பான்."

"அவ்வளவுதான் இங்கயும். மேஜை டிஸ்க்கோட கூடு 4096னு சொல்லுச்சு, அது அடுக்குக் கணக்கு. பஞ்சுப்பெட்டியில இருந்தது 512னு சொல்லுச்சு, அது மூட்டைக் கணக்கு. எட்டு 512 சேந்தா ஒரு 4096. ஒரே நாள் வாங்கின ஜோடி ரெண்டு விதமா எண்ணாது. அப்ப யாரோ ஞாயித்துக்கிழமை தட்டை எடுத்து, கடையில வாங்கின வேற கூட்டுல மாட்டியிருக்காங்க. உள்ள எல்லாம் வச்ச இடத்துலயே பத்திரமா இருக்கு. வழி சொல்றவன்தான் மாறிட்டான்."

மேலாளர் யார் அது என்று கேட்டார். குரலில் சூடு ஏறியிருந்தது.

"மச்சான் அப்பவே சொல்லிட்டார், நாமதான் சிரிச்சோம்" என்றார் நிதானம். "லேசா இருக்குன்னார். இதுவும் கறுப்புதான், ஆனா பிளாஸ்டிக், கன்னத்துல வச்சா சில்லுன்னு இல்ல. மத்தது கறுப்புப் பெயிண்ட் அடிச்ச அலுமினியம். தட்டு சுத்துறப்ப அலுமினியம் அதிரும். பிளாஸ்டிக் அமுக்கிடும். இந்தப் பெட்டி உறுமும்னு சொன்னீங்க, நான் காது வச்சேன், உறுமல. மாத்தின ஆளுக்குக் கெடுக்கிற எண்ணம் இல்ல, சத்தத்தை நிறுத்துற எண்ணம்தான். இந்த அறையில சத்தம் யாருக்கு ஆகாது? கதவுக்கு எண்ணெய் போட்ட ஆளு, நாற்காலிக்குக் கம்பளி ஒட்டின ஆளு, டிக் டிக் கேக்குதுன்னு கடிகாரத்துலேர்ந்து பேட்டரியைக் கழட்டின ஆளு. நாளைக்குப் புதுசா ஒருத்தர் வாசிக்க வர்றாங்க. அவங்களுக்காவது நிம்மதியா இருக்கட்டும்னு அந்த ஆளு நினைச்சிருக்கார்."

யாரும் மூலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே பார்ப்பது மாதிரி இருந்தது.

நிதானம் எழுந்து போய் ஐயாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஐயா, அந்தச் சாக்குப்பெட்டியை ஒரு நிமிஷம் தர்றீங்களா? ஓரத்துல காத்துப் போக இவ்வளவு பிளவு வச்சு யாரும் சாக்குப்பெட்டி செய்யமாட்டாங்க."

ஐயா பெட்டியைக் கொடுத்தார். பிறகு சிலேட்டில் எழுதி அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார். தப்பு என்னோடது.

அவள் நெடுநேரம் அதைப் படித்தாள். "மூணு நாளா நான் அழுததைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்களே ஐயா" என்றாள். திட்டும்போதுகூட அவள் குரல் உயரவில்லை. அதுதான் மூட்டைக்காரருக்குத் தாங்கவில்லை.

ஐயா துடைத்தார், எழுதினார், துடைத்தார். கடைசியில் நின்றது இதுதான். என் குரலை நானே கொன்னுட்டேன்னு நினைச்சேன். சொன்னா சாவியை வாங்கிடுவாங்கன்னு பயம்.

  அவள் எழுந்து ஜன்னல் ஓரம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

நிதானம் எதையும் கவனிக்காதவர்போல் வேலை செய்தார். கம்ப்யூட்டரிடமே எட்டு எட்டாக எண்ணு என்று உத்தரவு போட்டும் திறக்கலாம், இந்த லினக்ஸ் அதற்கும் இடம் கொடுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். ஆனால் பழைய கூடு கையிலேயே இருக்கும்போது அது எதற்கு? சாக்குக்கட்டிகளை மூட்டைக்காரரின் துண்டில் கொட்டினார். கூட்டின் கோடியில் இருந்த சின்னப் பலகையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைத் தூரிகையால் நிதானமாகத் தட்டினார். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தட்டை எடுத்து, பழைய இடத்தில் பொருத்தினார். மூட்டைக்காரருக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் மாப்ளே என்று சொல்ல வாயெடுத்து, இந்த மனுஷனிடம் அந்த வார்த்தை செல்லாது என்பதால் விட்டுவிட்டார்.

வயரைச் செருகியதும் திரையில் கோப்புகள் வரிசையாக இறங்கின. பாகம் ஒன்று, பாகம் இரண்டு, ஆறு வரைக்கும். மேலாளர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெண்ணின் அருகில் போய், கமிட்டியில் தானே நடந்ததைச் சொல்வதாகவும், அவள் பேரில் எந்தக் குறையும் இல்லை என்று முதல் வார்த்தையாகச் சொல்வதாகவும் சொன்னார். மறக்காமல் நகலுக்கு ஒரு டிஸ்க்கும் கேட்கிறேன் என்றார். பிறகு ஐயாவைப் பார்த்து, "ஐயா, அந்தச் சாவி…" என்று இழுத்தார்.

"அவர்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே. "திருப்புளியை மட்டும் நான் வாங்கி வச்சுக்கிறேன்."

மூட்டைக்காரர் துண்டில் இருந்த சாக்குக்கட்டிகளைத் தேநீர்க் குவளை ஒன்றில் போட்டு ஐயாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கேயோ நடுவில் ஒரு கோப்பைத் திறந்தாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் வந்தது. கனமான, அவசரமில்லாத குரல். மழையில் நனைந்த ஒரு வீட்டைப் பற்றி வாசித்தது. கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுபோல் வாசித்தது. மூட்டைக்காரர் இடுப்பு வலியை மறந்து கேட்டார். இப்படிப் பேசத் தெரிந்தவர் இனிமேல் பேசமாட்டார் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தார் மூட்டைக்காரர். ஆனால் ஐயாவின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். குவளையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்.

கேக்குதா? வண்டு.

அந்தப் பெண் தன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் போட்டாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கண்ணை மூடிக் காத்திருந்தாள். இத்தனை நாளும் தெருச் சத்தம் என்று அவள் ஒதுக்கிவைத்திருந்தது அங்கே இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். ஐயாவை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"ஆமா ஐயா" என்றாள். "உறுமுது."